ஈசிஆர் பீச் ஹோட்டல்ல டின்னர் போகப் போறீங்களா? எல்லாரும் கேக்கற கேள்விங்க, என்னோட பதிலுங்க

நாங்க ஒரு கடலோர ஹோட்டல்ல சாப்ட்டு நொந்து வந்த கதைய யார்கிட்ட சொன்னாலும் அடுத்து வர்றது கேள்விதான், ஆபீஸ்ல ஒருத்தர் சர்வீஸ் சார்ஜ் பத்தி கேப்பாரு, சித்தப்பா மீன் பத்தி கேப்பாரு, பக்கத்து வீட்டு அக்கா பஃபே பத்தி கேப்பாங்க. ஒவ்வொருத்தருக்கா சொல்லி மாளல, அதான் மொத்தமா எழுதி வச்சிட்டேன். சென்னையிலேர்ந்து ஈசிஆர்ல, அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலையில, கோவளம், மகாபலிபுரம் பக்கம் போறவங்கள மனசுல வச்சுத்தான் எழுதிருக்கேன், பில்லு சட்டம் விஷயமெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும்.

அப்படி என்னதான் ஆச்சு?

பேரு வேணாம். கோவளத்துக்கும் மகாபலிபுரத்துக்கும் நடுவுல ஒரு பெரிய ஹோட்டல். அப்பா அம்மா கல்யாண நாளு, சனிக்கிழமை நைட்டு, முன்னாடியே போன் பண்ணி கடல் பக்கமா டேபிள் சொல்லி வச்சிருந்தோம். டேபிள்ல ஒரு குறையும் இல்ல, அலை சத்தம், நல்ல காத்து, தூரத்துல போட் லைட்டுங்க, அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். அதுக்கப்புறம் சாப்பாடு வந்துச்சு. சூப்பு வரும்போதே ஆறி ஏடு கட்டியிருந்துச்சு. வஞ்சிரம் தவா ஃப்ரை மேல மசாலா கருகிப்போயி உள்ள சவசவன்னு, ஃப்ரீசர் வாடை வேற. இறால் கடிச்சா இழுக்குது. எங்க டேபிளுக்கு சம்பந்தமே இல்லாத ஒரு சில்லி சிக்கன் வந்து உக்காந்துச்சு, அப்பா கேட்ட தயிர் சாதம் மட்டும் நாங்க எல்லாம் கை கழுவுற வரைக்கும் வரல. ஆர்டர் எடுத்த கேப்டன் "டூ மினிட்ஸ் சார்"னு சிரிச்சிட்டே போவாரு, அப்புறம் ஆளையே காணோம். கடைசில பில்லு மட்டும் கரெக்டா டைமுக்கு வந்துச்சு, அதுல 10 பர்சென்ட் சர்வீஸ் சார்ஜோட.

கடல் கண்ணு முன்னாடி இருக்கு, மீன் ஏன் பழசா இருக்கு?

எல்லாரும் ஏமாறுற இடமே இதுதான். ஜன்னல்ல கடல் தெரியுது, அதனால அந்தக் கடல்லேர்ந்து நேரா சமையல்கட்டுக்கு மீன் வருதுன்னு நம்ம மனசு தானா முடிவு பண்ணிடுது. பெரிய ஹோட்டல் அப்படி வாங்குறதில்ல. கோவளம் மாதிரி மீனவர் குப்பத்துல விடியக்காலம் ஃபைபர் படகுங்க கரைக்கு வரும், மணல்லயே ஏலம் விடுவாங்க, கையில காசு குடுத்து எடுத்துட்டுப் போகணும், அன்னைக்கு என்ன மீன் வலையில விழுந்துச்சோ அதுதான். ஹோட்டல் பர்சேஸ் டிபார்ட்மென்ட்டுக்கு இது செட் ஆகாது. அவங்களுக்கு பில்லு வேணும், ஒரே சைஸ் வேணும், மெனுவுல போட்ட மீன் வருஷம் பூரா கிடைக்கணும், அதனால சென்னையில ஒரு சப்ளையர்கிட்ட கான்ட்ராக்ட் போட்டுக்குவாங்க. அந்த சப்ளையர் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துலயோ வானகரம் மொத்த மார்க்கெட்லயோ எடுத்து ஐஸ் பொட்டியிலயோ ஃப்ரோசனாவோ அனுப்புவாரு. பக்கத்து குப்பத்துல பிடிச்ச மீனே சிட்டிக்குப் போயி சுத்திட்டு திரும்ப ஈசிஆர்ல வர்றதும் நடக்குது.

இன்னொண்ணு, காசிமேடு மீன்னாலே இன்னைக்குப் பிடிச்ச மீன்னு அர்த்தம் இல்ல. பெரிய விசைப்படகு ஒரு தடவ போனா நாள் கணக்குல கடல்ல தங்கி ஐஸ்ல போட்டு வச்சுத்தான் கொண்டு வரும். ஐஸ்ல ஒழுங்கா வச்ச மீன் தப்பே கிடையாது, நல்லாவே இருக்கும். பிரச்சனை மெதுவா உறைய விட்டு, எடுத்து, தண்ணி விட்டு, திரும்ப உள்ள வைக்கறதுதான். மெதுவா உறையும்போது சதைக்குள்ள பெரிய பெரிய ஐஸ் கட்டி உண்டாகி நாரைக் கிழிச்சிடும், வெளிய எடுத்ததும் தண்ணியெல்லாம் வடிஞ்சிடும், பொரிச்சா சாறே இல்லாம சவக்குன்னு இருக்கும். எங்களுக்கு வந்த வஞ்சிரம் அந்த ரகம்.

இதுக்கெல்லாம் மேல ஒரு காரணம் இருக்கு, எனக்கென்னவோ அதுதான் முக்கியமான காரணம்னு தோணுது. தெருமுனையில இருக்கற மெஸ்ஸுல ஒரு நாள் குழம்பு சரியில்லன்னா மறுநாள் நாம போக மாட்டோம், ஓனருக்கு அது அன்னைக்கே தெரிஞ்சிடும். பீச் ஹோட்டலுக்கு வர்றவங்க பாதிப்பேரு வருஷத்துக்கு ஒரு தடவ வர்றவங்க, கல்யாண நாளு, பர்த்டே, கம்பெனி மீட்டிங்னு. கடல் அவங்கள கூட்டிட்டு வந்துடும். மீன் நல்லா இருந்தாலும் இல்லாட்டியும் அடுத்த சனிக்கிழமை டேபிள் ஃபுல்லுதான், அப்புறம் கிச்சன்ல யாரு கவலப்படுவா?

எந்த மாசம் மீன் சாப்பிடப் போகக்கூடாது?

போகக்கூடாதுன்னு சொல்ல மாட்டேன், தெரிஞ்சிட்டுப் போங்க. தமிழ்நாட்டு கிழக்குக் கரையில ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், மொத்தம் 61 நாள். முன்னாடி 45 நாளா இருந்துச்சு, 2017ல 61 ஆக்கினாங்க. மீன் குஞ்சு பொரிக்கற காலம்னு விசைப்படகு, டிராலருக்கு மட்டும்தான் தடை, நாட்டுப்படகும் ஃபைபர் போட்டும் கரையோரமா போயிட்டு வரலாம். அதனால அந்த ரெண்டு மாசம் சின்ன மீனு, கரையோர மீனு கிடைக்கும், பெரிய வஞ்சிரம் விலை எகிறிடும், கிடைக்கறதுல பாதி வேற மாநிலத்துலேர்ந்து வந்ததா இல்ல ஃப்ரீசர்ல இருந்ததா இருக்கும். நம்ம ஊருல ஸ்கூல் லீவும் அதே நேரம்தான், ஜனங்க குடும்பத்தோட பீச் ரிசார்ட்டுக்கு கிளம்புறதும் அப்பத்தான், மே மாசம் ஈசிஆர்ல உக்காந்து வஞ்சிரம் தவா ஃப்ரை ஆர்டர் பண்றவங்க இதை யோசிச்சுப் பாருங்க. அந்த மாசத்துல போனா கோழி சாப்பிடுங்க, இல்ல "இன்னைக்கு நெத்திலி, சங்கரா ஏதாவது வந்துச்சா"ன்னு கேளுங்க.

தட்டுல வந்தப்புறம் மீன் நல்லதா கெட்டதான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

முழு மீன் சொன்னீங்கன்னா சமைக்கறதுக்கு முன்னாடி காட்டச் சொல்லுங்க, நல்ல ஹோட்டல்ல தட்டுல வச்சு டேபிளுக்கே கொண்டு வந்து காட்டுவாங்க. கண்ணு தெளிவா மேடா இருக்கணும், குழி விழுந்து வெள்ளையா இருந்தா வேணாம். செவுளத் தூக்கிப் பாத்தா செவப்பா இருக்கணும். விரலால அமுக்கினா குழி விழாம மேல வரணும். டேபிள்ல உக்காந்து செவுளத் தூக்கறதான்னு என் வீட்டுக்காரி முறைப்பா, பரவால்ல, காசு நம்மளது.

சமைச்சு வந்ததுல மூக்குதான் துணை. நல்ல மீனுக்கு கடல் வாசனை இருக்கும், நாத்தம் இருக்காது. அமோனியா மாதிரி மூக்குல ஏறுனா அப்படியே வச்சிடுங்க. மசாலாவை சுரண்டிட்டு உள்ள சதையை மட்டும் கொஞ்சம் வாயில போட்டுப் பாருங்க, ஏன்னா இஞ்சி பூண்டும் மொளகாத்தூளும் நிறைய விஷயத்தை மறைச்சிடும். மசாலா ரொம்ப கெட்டியா அப்பியிருந்தாலே எனக்கு சந்தேகம் வந்துடும்.

இறாலுக்கு வேற கணக்கு. அளவா வெந்த இறால் லேசா வளைஞ்சிருக்கும், வாலும் தலையும் ஒட்டி வட்டமா சுருண்டிருந்தா ஓவரா வெந்துடுச்சு. கண்ணாடி மாதிரி பளபளன்னு, கடிச்சா துள்ளுதுன்னா தண்ணி பிடிச்சு எடை நிக்கறதுக்கு பாஸ்பேட்ல ஊற வச்ச ஃப்ரோசன் இறாலா இருக்கலாம். முதுகுல கறுப்பு கோடு எடுக்காம வந்தா அது கிச்சன் சோம்பேறித்தனம், அதை தாராளமா திருப்பி அனுப்பலாம். கடம்பா, அதாவது ஸ்க்விட், ரெண்டே நிமிஷம் சூடு காட்டி எடுக்கணும், இல்லன்னா ரொம்ப நேரம் வேக விடணும், நடுவுல எடுத்தா தாடை வலிக்கும். கூட்டமான நாள்ல கடம்பா சொல்லாதீங்க, அவ்ளோதான்.

வஞ்சிரம்னு சொல்லிட்டு வேற மீன் குடுப்பாங்களா?

எல்லாரும் குடுக்கறாங்கன்னு சொல்ல முடியாது. நடக்குது. ஃபிஷ் ஃபிங்கர், ஃபிஷ் டிக்கா, ஃபிஷ் அண்ட் சிப்ஸ்னு மீன் பேரே போடாம இருந்தா பெரும்பாலும் பாசாதான், அது பண்ணையில வளக்கற நன்னீர் மீன், முள்ளும் இல்ல வாசனையும் இல்ல, விலை கம்மி. பாசா கெட்ட மீன்னு சொல்லல, ஆனா கடலைப் பாத்துட்டே உக்காந்து பண்ணை மீனுக்கு கடல் மீன் ரேட் குடுக்கறது எனக்கு ஒப்பல. வஞ்சிரம்னு மெனுவுல எழுதியிருந்தா ஸ்லைஸைப் பாருங்க, நடுவுல ஒரே எலும்பு, சதையில பொடி முள்ளு கிடையாது, தோல் மெல்லிசா வழவழன்னு செதில் இல்லாத மாதிரி இருக்கும். சீலா மீன் ஸ்லைஸ் பாக்க கிட்டத்தட்ட அப்படியே இருக்கும், அதுல செதில் இருந்த தடம் தெரியும். சந்தேகமா இருந்தா "இது என்ன மீனுங்க"ன்னு சாதாரணமா கேளுங்க, பதில் சொல்ல எவ்ளோ நேரம் எடுக்கறாங்கங்கறதுலயே பாதி தெரிஞ்சிடும்.

மெனுவுல ரேட்டுக்கு பதிலா "ஆஸ் பெர் சைஸ்"னு போட்டிருக்கே?

நண்டு, சிங்கி இறால், முழு வவ்வால், கொடுவா இதுக்கெல்லாம் அப்படித்தான் போடுவாங்க. ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி மூணு விஷயம் வாயத் திறந்து கேட்டுடுங்க: 100 கிராமுக்கா முழுசுக்கா ரேட்டு, எடை கிளீன் பண்றதுக்கு முன்னாடியா பின்னாடியா, வரி சேத்தா சேக்காமலா. எடை போட்டப்புறம் மொத்தம் எவ்ளோன்னு சொல்லச் சொல்லிட்டு சரின்னு தலையாட்டுங்க. கேக்க கூச்சப்பட்டு "நல்லதா பாத்து போடுங்க"ன்னு கேப்டன்கிட்ட விட்டீங்கன்னா அவரு நல்லதாத்தான் பாத்துப் போடுவாரு, ஹோட்டலுக்கு நல்லதா.

சர்வீஸ் ஏன் இவ்ளோ மோசம்? பசங்க வேணும்னே பண்றாங்களா?

இல்லங்க, அந்தப் பசங்கள திட்டாதீங்க. நம்மகிட்ட ஆர்டர் எடுக்கறது கேப்டன், அவரு சிஸ்டத்துல போட்டாத்தான் கிச்சனுக்கு கேஓடி (கிச்சன் ஆர்டர் டிக்கெட், அதாவது ஆர்டர் சீட்டு) போகும், கேஓடி போகலன்னா உள்ள இருக்கறவங்களைப் பொறுத்தவரைக்கும் அப்படி ஒரு ஆர்டரே கிடையாது. சனிக்கிழமை நைட்டு ஒரு கேப்டன் பத்துப் பன்னெண்டு டேபிள் பாத்துட்டு பேப்பர்ல எழுதி வச்சு மொத்தமா ஏத்துவாரு, அதுல ஒண்ணு ரெண்டு விட்டுப்போகும். எங்க தயிர் சாதம் அப்படித்தான் போச்சுன்னு அப்புறம் அங்க இருந்த ஒரு தம்பியே சொன்னாப்ல. கொண்டு வந்து வைக்கறது வேற ஆளு, அவருக்கு எந்த டேபிள்ல யாரு என்ன சொன்னாங்கன்னு தெரியாது, பாதிப்பேரு ஒடிசா, அஸ்ஸாம், மணிப்பூர்லேர்ந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், "கொஞ்சம் குழைவா சாதம்"னு நாம சொல்றது அவங்களுக்கு எப்படிப் புரியும்.

அடுத்தது தூரம். கடல் ஓரத்துல டேபிள் போட்டிருக்கற லானுக்கும் கிச்சனுக்கும் நடுவுல நீச்சல் குளம், தோட்டம், படிக்கட்டெல்லாம் இருக்கும், சூடா கிளம்புனது கடல் காத்துல நம்மகிட்ட வர்றதுக்குள்ள ஆறிடும், அப்பளம் நமுத்துப் போயிடும். சூடு முக்கியம்னா உள்ள உக்காருங்க. நாங்க அப்புறமா யோசிச்சு கண்டுபிடிச்ச வழி, லான்ல உக்காந்து ஜூஸ், வறுவல் ஏதாவது முடிச்சிட்டு, மெயின் சாப்பாட்டுக்கு உள்ள போயிடறது. ஆர்டர் சொல்லி முடிச்சதும் கேப்டனை திருப்பி ஒரு தடவ படிச்சுக் காட்டச் சொல்லுங்க. அரை மணி நேரத்துல ஒண்ணும் வரலன்னா "கேஓடி போயிருச்சான்னு பாத்து சொல்லுங்க"ன்னு கேளுங்க, அந்த வார்த்தைய சொன்னா ஓடிப்போய் பாப்பாங்க.

சனி ஞாயிறு நைட்டைத் தவிர்த்துட்டு வார நாள்ல மதியம் போனீங்கன்னா அதே ஹோட்டல், அதே கிச்சன், வேற சாப்பாடா இருக்கும்.

அப்போ பஃபே எடுத்துடலாமா?

பெரிய குடும்பமா போனா, வேற வேற வயசுல ஆளுங்க இருந்தா, பஃபேல வெயிட்டிங் தொல்ல இல்ல. ஆனா கடல் சாப்பாட்டுக்கு பஃபே மாதிரி எதிரி கிடையாது, வெந்த மீனை சூடு பண்ணிட்டே வச்சிருந்தா அது வெந்துட்டே இருக்கும். திறந்த உடனே போங்க, ஏழரைக்குன்னா ஏழரைக்கு. சூடா வைக்கற ஐட்டம் 60 டிகிரிக்கு குறையக்கூடாது, குளிர்ச்சியா வைக்கறது 5 டிகிரிக்கு மேல போகக்கூடாது, சாப்பாட்டுப் பாதுகாப்பு விதி அப்படித்தான் சொல்லுது. தெர்மாமீட்டர் வேணாம், மூடியத் திறந்தா ஆவி வரணும், கரண்டியோட பிடி சுடணும். ஆவியே வரலன்னா சாதமும் குழம்பும் தொடாதீங்க. ஐஸ் உருகி தண்ணியில மிதக்கற இறால் சாலட் பக்கம் போகவே போகாதீங்க. லைவ் கவுண்டர்னு கண்ணு முன்னாடி தோசை, அப்பம், கிரில்லு போட்டுத் தர்றது இருந்தா அங்கயே நில்லுங்க, வயிறு அங்கயே நிறையட்டும்.

நல்லா இல்லாத ஐட்டத்தை திருப்பி அனுப்பினா உள்ள ஏதாவது பண்ணிடுவாங்களா?

எச்சில் துப்பிடுவாங்கன்னு எங்க பெரியம்மா இன்னும் நம்பறாங்க. கிச்சன்ல பத்து பேரு நிக்கறாங்க, மேல கேமரா இருக்கு, அப்படியெல்லாம் நடக்கும்னு பயந்துட்டு கெட்டுப்போனதை முழுங்காதீங்க.

ஆனா எப்ப சொல்றீங்கங்கறதுதான் விஷயம். ரெண்டு வாய் சாப்ட்டதும் சொல்லுங்க. முக்காவாசி சாப்ட்டு முடிச்சிட்டு நல்லா இல்லன்னு சொன்னா எந்த மேனேஜரும் உள்ளுக்குள்ள சிரிப்பாரு. நம்ம ஆளுங்ககிட்ட ஒரு பழக்கம், கேப்டன் வந்து "எவ்ரிதிங் ஓகே சார்?"னு கேக்கும்போது "ம்ம் ஓகே"ன்னு தலையாட்டிட்டு, கார்ல ஏறினதும் வீடு வர்ற வரைக்கும் திட்டிட்டே வருவோம். அந்த "ஓகே சார்?" கேள்விதான் உங்க சான்ஸ், அப்பவே சொல்லிடணும். "நல்லா இல்ல"ன்னு பொதுவா சொல்லாம என்ன குறைன்னு சொல்லுங்க: மீன்ல வாடை வருது, உள்ள சில்லுன்னு இருக்கு, உப்பு கரிக்குது. அப்புறம் என்ன வேணும்னும் நீங்களே சொல்லிடுங்க, மாத்திக் குடுங்க, இல்ல பில்லுலேர்ந்து எடுத்துடுங்க. சத்தம் போட வேண்டியதில்ல. சர்வ் பண்ற பையன்கிட்ட கத்தி பிரயோஜனமும் இல்ல, அவனுக்கு பில்லுல கை வைக்க அதிகாரம் கிடையாது, டூட்டி மேனேஜரைக் கூப்பிடச் சொல்லுங்க.

எங்க விஷயத்துல என் தங்கச்சிதான் பேசினா, மீன் தட்டை நகத்தி வச்சிட்டு "சார் நீங்களே ஒரு வாய் சாப்ட்டுப் பாருங்க"ன்னா. அவரு சாப்பிடல. மீனை பில்லுலேர்ந்து எடுத்துட்டாரு.

பில்லுல சர்வீஸ் சார்ஜ் போட்டா கட்டியே ஆகணுமா?

கட்டாயம் இல்ல. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4ல வழிகாட்டுதல் போட்டாங்க, எந்த ஹோட்டலும் தானா பில்லுல சர்வீஸ் சார்ஜ் சேக்கக்கூடாது, வேற பேருலயும் வாங்கக்கூடாது, கட்ட மாட்டேன்னா உள்ள விடமாட்டேன்னும் சொல்லக்கூடாதுன்னு. ஹோட்டல் சங்கங்க கோர்ட்டுக்குப் போனாங்க, டெல்லி ஹைகோர்ட் 2025 மார்ச் 28ல அவங்க மனுவை தள்ளுபடி பண்ணி வழிகாட்டுதல் செல்லும்னு சொல்லிடுச்சு. அதுக்கப்புறமும் "எங்க பாலிசி சார்"னு சிலர் போடறாங்க. "சர்வீஸ் சார்ஜ் எடுத்துட்டு வேற பில்லு குடுங்க"ன்னு ஒரே வரி, காரணம் சொல்லத் தேவையில்ல, சர்வீஸ் நல்லா இருந்தாலும் எடுக்கச் சொல்லலாம். பெரும்பாலும் மூஞ்சி சுளிக்காம எடுத்துடுவாங்க.

டிப்ஸ்?

சர்வீஸ் சார்ஜை எடுக்கச் சொல்லிட்டு, ஓடி ஓடி வேலை பாத்த பையனுக்கு நேரா கையில குடுங்க. நாங்களும் அப்படித்தான் குடுத்தோம், கேஓடி கதைய சொன்ன அந்த தம்பிக்கு.

சாதா ஹோட்டல்ல 5 பர்சென்ட் ஜிஎஸ்டி, இங்க 18 போட்டிருக்காங்க, ஏமாத்தறாங்களா?

ஏமாத்து இல்ல. வெளிய தனியா இருக்கற ரெஸ்டாரண்ட்னா 5 பர்சென்ட். ஒரு நாளைக்கு 7,500 ரூபாய்க்கு மேல ரூம் வாடகை வாங்கற ஹோட்டலுக்குள்ள இருக்கற ரெஸ்டாரண்ட்னா 18. நீங்க ரூம் எடுக்கல, டீ மட்டும் குடிச்சீங்கன்னாலும் 18தான். 4,000 ரூபாய்க்கு சாப்ட்டா 5 பர்சென்ட்ல வரி 200, 18 பர்சென்ட்ல 720. இதுல சர்வீஸ் சார்ஜ் 10 பர்சென்ட் சேத்தாங்கன்னா 4,400 மேல 18 போடுவாங்க, 792 ஆகும், அதாவது கட்டத் தேவையில்லாத சார்ஜுக்கும் சேத்து வரி கட்டறோம். மெனு கார்டுல கீழ பொடி எழுத்துல "டாக்ஸ் எக்ஸ்ட்ரா"ன்னு இருக்கும், ஆர்டர் பண்ணும்போதே மனசுக்குள்ள அஞ்சுல ஒரு பங்கு கூட்டிக்கோங்க. பீர், ஒயின் இதெல்லாம் ஜிஎஸ்டிக்குள்ளயே வராது, அதுக்கு மாநில வரி தனி.

20 ரூபாய் தண்ணி பாட்டிலுக்கு 100 ரூபாய் போடறது சட்டப்படி சரியா?

கேட்டா வயிறு எரியும், சரிதான். 2017 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு, ஹோட்டல்ல பாட்டிலை மட்டும் விக்கல, இடமும் சேவையும் சேத்துத் தர்றாங்க, அதனால எம்ஆர்பிக்கு மேல வாங்கலாம்னு. உக்காந்த உடனே "ஸ்பார்க்ளிங்கா ஸ்டில்லா"ன்னு கேப்பாங்க, "சாதா ஃபில்டர் தண்ணி போதும்"னு சொல்லிடுங்க. அதுக்கு காசு கிடையாது.

மீன் சாப்ட்ட கொஞ்ச நேரத்துல மூஞ்சி செவந்து அரிப்பு எடுத்துச்சு, அலர்ஜியா?

அலர்ஜியாவும் இருக்கலாம், கெட்டுப்போன மீனாவும் இருக்கலாம். சூரை, கானாங்கெளுத்தி, மத்தி மாதிரி மீனை பிடிச்சதும் ஐஸ்ல வைக்காம விட்டா ஹிஸ்டமின்னு ஒண்ணு அதுல சேந்துடும், எவ்ளோ நேரம் கொதிக்க வச்சாலும் பொரிச்சாலும் அது போகாது. சாப்ட்ட சில நிமிஷத்துலேர்ந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள மூஞ்சி செவக்கறது, தலவலி, அரிப்பு, படபடப்பு, வயித்தால போறதுன்னு வரும், வாயில மிளகு வச்ச மாதிரி காரமா குத்துச்சுன்னும் சொல்லுவாங்க. பெரும்பாலும் அன்னைக்கே சரியாகிடும், ஆனா மூச்சு விட கஷ்டமா இருந்தாலோ உதடு நாக்கு வீங்கினாலோ யோசிக்காம ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. டாக்டர்கிட்ட என்ன மீன், எத்தன மணிக்குன்னு சொல்லுங்க, ஏன்னா அலர்ஜின்னு எழுதிட்டா வாழ்க்கை பூரா மீனே தொடாம இருப்பீங்க.

மேனேஜர் கண்டுக்கல, எங்க கம்ப்ளைன்ட் பண்றது?

எதுக்குன்னு பாத்து போங்க. சாப்பாடு கெட்டுப்போச்சு, பூச்சி கிடந்துச்சு, கிச்சன் நாறுதுன்னா உணவுப் பாதுகாப்புத் துறை, தமிழ்நாட்டுல 94440 42322க்கு வாட்ஸ்அப்ல போட்டோவோட அனுப்பலாம். பில்லுல எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) லைசென்ஸ் நம்பர் 14 இலக்கத்துல இருக்கணும், 2022 ஜனவரியிலேர்ந்து அது கட்டாயம், அதையும் சேத்து அனுப்புங்க. சர்வீஸ் சார்ஜ், பில்லு தகராறுன்னா தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915, தமிழ்லயே பேசலாம், நிறைய விஷயம் இதுலயே முடிஞ்சிடும், பெரிய ஹோட்டல்னா சீக்கிரமா பதில் வரும்.

அதுக்கும் மேலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், நீங்க குடுத்த காசு 5 லட்சம் வரைக்கும்னா ஃபீஸ் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்ல, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்க குடியிருக்கற மாவட்டத்துலயே போடலாம், ஹோட்டல் செங்கல்பட்டு மாவட்டத்துல இருந்தாலும் சென்னையில போடலாம். ஆனா ஒண்ணு, "ருசியா இல்ல"ங்கறதுக்கெல்லாம் கேஸ் நிக்காது. கெட்டுப்போனது, உடம்புக்கு வந்தது, சொன்னது ஒண்ணு குடுத்தது ஒண்ணு, சட்டவிரோதமா காசு வாங்கினது, இதுக்குத்தான் நிக்கும். தட்டு போட்டோ, பில்லு, டாக்டர் சீட்டு மூணையும் பத்திரமா வைங்க.

அப்போ நல்ல மீனு எங்கதான் சாப்பிடறது?

கோவளத்துலயும் மகாபலிபுரத்துலயும் கடற்கரைப் பக்கத்து சின்னச் சின்ன கடைங்கள்ல, மசாலா தடவி அடுக்கி வச்சிருப்பாங்க, எது வேணுமோ கையக் காட்டினா போட்டுத் தருவாங்க. ஏசி இல்ல, கை கழுவற இடம் சுமார், ஆனா மீன் கண்ணு முன்னாடி இருக்கு. அங்கயும் எண்ணெய் கறுப்பா இருந்தா அடுத்த கடைக்குப் போங்க, முன்னாடியே பொரிச்சு அடுக்கினதை திரும்ப சூடு பண்ணிக் குடுத்தா வேணாம்னுடுங்க. காலைல போறவங்க மகாபலிபுரம் கோயில் பாத்துட்டு மதியம் ஏதாவது மெஸ்ஸுல மீன் குழம்பு சாப்பாடு, சாயங்காலம் பெரிய ஹோட்டல்ல கடல் பாத்த டேபிள்ல காபி, ஒரு பக்கோடா. இந்த ஏற்பாட்டுல யாரும் இதுவரைக்கும் எங்க வீட்ல சண்டை போட்டதில்ல. வீட்டுல சமைக்கறவங்கன்னா திரும்பி வரும்போது சென்னை மெரினா பக்கத்து லூப் ரோடு நொச்சிக்குப்பம் மீன் மார்க்கெட் வழியா வாங்க.

ரூம் புக் பண்ணும்போது டின்னரோட பேக்கேஜ் குடுக்கறாங்களே, எடுக்கலாமா?

பிரேக்ஃபாஸ்ட்டோட நிறுத்துங்க. இட்லி, பொங்கல், ஆம்லெட்டை கெடுக்கறது கஷ்டம், பீச் ஹோட்டல்ல காலை சாப்பாடு எப்பவுமே பரவால்லாம இருக்கும். டின்னர் பேக்கேஜ் எடுத்துட்டா முதல் நாள் நல்லா இல்லன்னாலும் ரெண்டாவது நாளும் அதே இடத்துல உக்காரணும், காசு ஏற்கனவே குடுத்தாச்சு, கம்ப்ளைன்ட் சொன்னாலும் பில்லுலேர்ந்து எடுக்க அங்க பில்லே கிடையாது. சில பேக்கேஜ்ல டின்னர்னா பஃபே மட்டும், அதுலயும் ஆள் கம்மியா இருந்தா பஃபே போட மாட்டாங்க, செட் மெனுன்னு ஒண்ணு குடுப்பாங்க, ஒரு சூப்பு ஒரு பனீரு ஒரு சிக்கன்னு, மீனு கேட்டா எக்ஸ்ட்ரா. புக் பண்றதுக்கு முன்னாடி போன் போட்டு வார நாள்ல பஃபே உண்டா, மீன் ஐட்டம் அதுல வருமான்னு கேட்டு, சொன்னதை மெயில்ல அனுப்பச் சொல்லுங்க.